ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த தாள்

போன மாதம் பிரியா போன் செய்தாள். ஹூஸ்டனில் நான் இருபத்து மூன்று வருடம் வேலை பார்த்த கிளினிக்கில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"ஆண்டி, புதுசா நாலு பேர் ஜாயின் பண்றாங்க. ஃபர்ஸ்ட் டே அந்த பேஸ்பால் படம் போடப் போறோம். படம் முடிஞ்சதும் நீங்க வந்து ஒரு பத்து நிமிஷம் பேசுங்களேன். இன்ஸ்பைரிங்கா ஏதாவது."

இன்ஸ்பைரிங்காவாம்! வந்த எரிச்சலில் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன். "வரேன்டி. ஆனா நான் பேசினா அதுங்க நாலும் வேலையே வேணாம்னு ஓடிடும், பரவால்லையா?" என்று கேட்டேன். சிரித்தாள். என் நாக்கு அவளுக்குப் பழக்கம். என்ன பேசலாம் என்று எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் அடங்குகிற விஷயமாக இல்லை.

அந்தப் படம் பழைய கறுப்பு வெள்ளைப் படம். பெரிய பேஸ்பால் வீரர் ஒருவர், உடம்பு இரும்பு. ஒருநாள் கை சொன்ன பேச்சு கேட்பதில்லை. இந்த ஊரில் அந்த நோய்க்கே அவர் பெயரைத்தான் சொல்வார்கள். கடைசியில் நிரம்பி வழியும் மைதானத்தில் மைக் முன்னால் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டு, இருட்டான ஒரு வழிக்குள் நடந்து போவார். அவ்வளவுதான், படம் முடிந்தது. பார்ப்பவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அவர் நடந்து போனாரே, அந்த வழிக்கு உள்ளே என்ன நடக்கும் என்பதைப் படத்தில் காட்டவில்லை. நான் சம்பளம் வாங்கியது அப்படி உள்ளே நடப்பதற்குத்தான்.

நான் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, மூச்சைப் பார்த்துக்கொள்பவள். ஊரில் இருக்கும் என் நாத்தனார் இன்றுவரை கல்யாண வீடுகளில் "எங்க ராஜி அமெரிக்கால சிலிண்டர் மாத்துறா" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஏஎல்எஸ் என்கிற இந்த நோயில் தசையை ஆட்டிவைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். கை, கால், நாக்கு, கடைசியில் மூச்சுவிடும் தசை. கண் மட்டும் ஆடும். பெரும்பாலானவர்களுக்குப் புத்தி கடைசிவரை தெளிவாக இருக்கும். அதுதான் கொடுமையே.

படித்த கதையை வளர்க்கவில்லை. புருஷன் விசாவில் வந்து, எட்டு வருடம் சமையலறையில் இருந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து, இரண்டு வருடம் ராத்தூக்கம் கெட்டுப் பாஸ் செய்தேன். அந்தக் காலேஜ் சொல்லிக்கொடுத்தது பாதி. மீதியை மிஸ் வில்மாதான் மண்டையில் ஏற்றினார்.

மிஸ் வில்மா எங்கள் பிரிவுக்குத் தலைவி. கிழக்கு டெக்சாஸ்காரர், கறுப்பின அம்மா, ஆறடி உயரம், குரலை ஒருநாளும் உயர்த்தமாட்டார். முதல் நாள் என்னை நோயாளியின் கட்டிலில் படுக்கவைத்து, மூக்கையும் வாயையும் மூடுகிற பைபாப் மாஸ்க்கை மாட்டி, அழுத்தத்தை ஏற்றிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். காற்று உள்ளே வந்து மோதுகிறது. எதிர்த்து மூச்சை வெளியே விட முடியவில்லை. கத்தினால் சத்தம் வரவில்லை. பத்து நிமிடம் கழித்து வந்து கழற்றிவிட்டு, "இதைத்தான் நீ மற்றவர்களுக்கு மாட்டப்போகிறாய்" என்றார்.

அவர் வைத்த சட்டங்கள் கொஞ்சம்தான். உட்கார்ந்த பிறகு பேசு. சொன்ன பிறகு தொடு. கேள்வி கேட்டால் பதிலுக்குப் பத்து மூச்சு பொறு. அந்தப் பத்தும் நோயாளியின் மூச்சு, உன்னுடையது அல்ல. ஒருமுறை ஒரு கிழவரின் மாஸ்க் வாரை அவரிடம் சொல்லாமல் இழுத்துச் சரி செய்துவிட்டேன். மிஸ் வில்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் கையை நீட்டி, என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து ஒரு பக்கம் ஏற்றி ஒரு பக்கம் இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டார். கூசிப்போய் நின்றேன்.

இன்னொரு சட்டம், தாளைப் பற்றியது. தொண்டையில் குழாய் வேண்டாம், மெஷின் வேண்டாம் என்று முடிவு செய்கிற நோயாளி டாக்டர் முன்னால் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாள் வீட்டில் கண்ணில் படாவிட்டால் ஆம்புலன்ஸ்காரர்கள் உயிரைப் பிடித்து நிறுத்தத்தான் பார்ப்பார்கள், அது அவர்கள் கடமை. அதனால் ஃபிரிட்ஜில் ஒட்டச் சொல்வோம். "முன்பின் தெரியாதவன் ஓடிவந்தாலும் கண்ணில் படவேண்டும்" என்பார் மிஸ் வில்மா. இத்தனையும் தெரிந்த நான்தான் அதைச் செய்தேன்.

சங்கரன் கோவில்பட்டிக்காரர். ஐம்பத்தாறு வயது, எண்ணெய் கம்பெனியில் பைப்லைன் இன்ஜினியர், ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் வீடு. கிரிக்கெட் பைத்தியமாக இந்த ஊருக்கு வந்து பேஸ்பால் பைத்தியமாக மாறியவர். மைதானத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் அட்டையில் குறித்துக்கொள்வாராம். ஒருநாள் பென்சில் விரலில் நிற்கவில்லை. அப்படித்தான் ஆரம்பித்தது.

"அக்கா, கிரிக்கெட்ல மழை வந்தா மேட்ச் டிரா. இதுல டிராவே கிடையாது. எத்தனை மணி நேரம் ஆனாலும் ஒருத்தன் தோத்தாத்தான் வீட்டுக்கு விடுவான்" என்பார். அப்போது நாக்குக் குழற ஆரம்பித்திருந்தது.

அந்தப் படத்தை அவராகவே தேடிப் பார்த்திருக்கிறார். அடுத்த முறை கிளினிக்குக்கு வந்தபோது, மனைவி கோமதி காரை எடுத்துவரப் போன சமயம் பார்த்துச் சொன்னார்: "படம் பாத்தேன் அக்கா. புருஷனுக்கும் தெரியும், பொண்டாட்டிக்கும் தெரியும். ரெண்டு பேரும் தெரியாத மாதிரியே நடிக்கிறாங்க. எங்க வீட்லயும் அதே ஷூட்டிங்தான் ஓடுது. இவ கேரளாலேர்ந்து தைலம் வரவழைக்கிறா. நானும் இப்ப பரவால்ல, பரவால்லன்னு தடவிக்கிறேன்."

நான் உட்கார்ந்தேன். முறைப்படி கேட்டேன். மூச்சு நிற்கும் நிலை வந்தால் குழாய் வேண்டுமா, வேண்டாமா? பத்து மூச்சு பொறுத்தேன்.

"வேணாம்க்கா. முப்பது வருஷமா பைப் போட்டதே போதும். எனக்குள்ள ஒண்ணு வேணாம். அவ பயப்படுவா, ஆனா நான் சொல்லிக்கிறேன்."

சொல்லவும் செய்தார். கோமதி அழுது, இரண்டு நாள் பேசாமல் இருந்து, பிறகு கிளினிக்கில் டாக்டர் முன்னால் அவர் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டபோது பக்கத்தில் நின்றாள். தாளைத் தன் பேஸ்பால் டீமின் காந்த வில்லையால் அவரே ஃபிரிட்ஜில் ஒட்டச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

இதற்கு நடுவில்தான் மகள் வைஷ்ணவிக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. மாப்பிள்ளை வீடு இர்விங்கில். அவர்களிடம் சங்கரனுக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். பைபாப் மெஷினைப் பற்றிக் கேட்டால் குறட்டைக்கு என்றார்கள். நம் ஆட்களில் பாதிப் பேர் குறட்டைக்கு மாஸ்க் மாட்டுகிறவர்கள்தானே, யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மெஷினைச் சரிபார்க்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். கோமதி என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ராஜி அக்கா, சம்பந்தியம்மா நாளைக்கு வராங்க. கல்யாணம் முடியற வரைக்கும் வரதும் போறதுமாத்தான் இருப்பாங்க. அந்தம்மா உள்ள நுழைஞ்சதும் நேரா ஃபிரிட்ஜைத்தான் தொறக்கும். இந்தப் பேப்பரைப் பாத்தாங்கன்னா? பரம்பரை வியாதி, பொண்ணுக்கும் வரும்னு நினைச்சுட்டா? என் பொண்ணு வாழ்க்கை அக்கா. தாலி ஏறட்டும், அப்பவே திருப்பி ஒட்டிடறேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் மகள் கல்யாணத்தின்போது என் வீட்டுக்காரருக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்ததை மூன்று மாதம் மூச்சுவிடாமல் மறைத்தவள் நான். கோமதி கேட்டது எனக்குத் தப்பாகவே படவில்லை. பத்து நாள்தானே என்றேன். அவள் தாளைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். நானே காந்தத்தை எடுத்து, தாளை மடித்து, டேக்அவுட் மெனு எல்லாம் கிடக்கும் டிராயரில் போட்டேன்.

சங்கரன் பக்கத்து அறையில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. பன்னிரண்டு அடி நடந்துபோய், "தாளை எடுக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாஸ்க் வாரைத் தொடக்கூட அனுமதி கேட்கப் பழகியவள், அந்த மனுஷனின் வார்த்தையை எடுத்து டிராயரில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால், காலை பதினோரு மணி. வீடு நிறைய சொந்தக்காரர்கள். சம்பந்தியம்மா, பாவம் நல்ல மனுஷி, "சம்பந்தி, நீங்கதான் முதல்ல வாயை இனிப்பாக்கணும்" என்று மைசூர்பாகை விண்டு சங்கரன் வாயில் ஊட்டிவிட்டிருக்கிறார். சங்கரனால் அப்போது கெட்டியாக எதையும் விழுங்கவும் முடியாது, கையால் தடுக்கவும் முடியாது. எல்லாம் கூழாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஊட்டியவரைத் தவிர. கோமதி மூன்றடி தள்ளி நின்றிருக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்களே.

மூச்சுக்குழாயில் போய் அடைத்தது. முகம் நீலம் பாரித்தது. யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். வந்தவன் கோமதியிடம் கேட்டானாம், சிகிச்சை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்ட தாள் ஏதாவது இருக்கிறதா என்று. சம்பந்தியம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கோமதி அவர் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள். குழாய் போட்டுவிட்டார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் போய்ப் பார்த்தபோது சம்பந்தியம்மாவுக்கு டாக்டர் வாயால் எல்லாம் தெரிந்துபோயிருந்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "என் கையால ஊட்டிட்டேனே! இதைச் சொல்லியிருந்தா நாங்க என்ன பொண்ணை வேணாம்னா சொல்லியிருப்போம்? எங்க வீட்ல வியாதியே வராதா?" கோமதி சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

மிஸ் வில்மாவிடம் போய்ச் சொன்னேன், தாளை எடுத்தது நான்தான் என்று. முழுக்கக் கேட்டார். "அவரிடம் கேட்டாயா?" என்றார். இல்லை என்றேன். நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொல்லிக் காகிதத்தை நீட்டினார். எழுதிக் கொடுத்தேன். மேலிடத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். அந்த ஒரு கேள்விக்கு முன்னால் அந்த எச்சரிக்கையெல்லாம் எனக்கு ஒன்றுமே இல்லை.

குழாயை எடுத்துவிடலாம், தாள்தான் கிடைத்துவிட்டதே என்று நினைப்பீர்கள். டாக்டரும் அதைத்தான் சொன்னார். ஆனால் கல்யாணத்துக்கு மூன்று நாள். கோமதி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தாலி கட்டற வரைக்கும், அதுவரைக்கும் மட்டும் இருங்க" என்று கெஞ்சினாள். டாக்டர் கேட்டபோது சங்கரன் கண்ணை மேலே உயர்த்தினார், சரி என்று. நிச்சயித்த முகூர்த்தத்தை மாற்றவில்லை. கோவில் மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டியபோது நான் ஐசியுவில் அவர் முகத்துக்கு நேரே கல்யாண வீடியோ ஓடும் டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க எனக்கு இன்னொரு கை இல்லை.

தாலி ஏறியது. பிறகு மறுவீடு. வாயில் அதிக நாள் குழாய் வைக்க முடியாது என்று தொண்டையில் துளை போட்டு மெஷினோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு ஆடிச் சீர். பிறகு, "தலை தீபாவளி அக்கா, அவ அப்பா இல்லாமலா" என்றாள் கோமதி. ஐந்து மாதம். ஒவ்வொரு நல்ல நாளுக்கும் ஒரு வாய்தா. அவரிடம் யாரும் மறுபடி கேட்கவில்லை. நானும்தான்.

வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்தேன். சங்கரன் டிவியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், நர்ஸைப் பார்ப்பார். கோமதியைப் பார்ப்பதில்லை. அவள் கட்டிலுக்கு இந்தப் பக்கம் வந்தால் கண் அந்தப் பக்கம் போய்விடும். கண்ணைத் தவிர எதுவும் அசையாத மனுஷனுக்குக் கோபப்பட வேறு வழி ஏது? அவள் அவருக்குச் சளி எடுத்தாள், வாய் துடைத்தாள், திருப்பிப் படுக்கவைத்தாள்.

தீபாவளி முடிந்து நாலாம் நாள் போனேன். எழுத்துப் பலகையைப் பிடித்தேன். கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் பலகை, ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவர் எழுத்தைப் பார்ப்பார், நான் மறுபக்கம் நின்று அவர் கண்ணைப் பார்த்துப் படிப்பேன். அந்த எழுத்துகளை வைத்தே தமிழில் சொல்வார். ஒரு வாக்கியத்துக்குக் கால்மணி நேரம் ஆகும்.

'பேப்பரை ஏன் அவ எடுத்தா.'

ஐந்து மாதமாக அவர் அவள் மேல் வைத்திருந்த கோபம் என் மேல் வரவேண்டியது. கோமதி, என் வேலைக்கு ஆபத்து வரும் என்று நினைத்தாளோ என்னவோ, ஒருநாளும் என் பெயரைச் சொல்லவில்லை.

பலகையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். "சங்கரன், எடுத்தது அவ இல்ல. நான்தான். என் கையால எடுத்து டிராயர்ல போட்டேன். உங்கள்ட்ட கேக்கல. அவ கேட்டா, நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும்."

கோமதி வாசற்படியில் நின்றிருந்தாள். "பொய் நானும்தான் சொன்னேன்க்கா. ஆம்புலன்ஸ்காரன் கேட்டப்ப இல்லன்னு நான்தான் தலையாட்டினேன்" என்று வெடித்து அழுதாள். "ஊட்டும்போதாவது தடுத்திருக்கணும். பாத்துட்டு நின்னேன்."

மெஷின் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது. சங்கரன் என்னையே ரொம்ப நேரம் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. பிறகு கண் மெதுவாகத் திரும்பி கோமதியிடம் போய் நின்றது. அவள் ஓடிவந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

அன்றைக்கே கேட்டேன், அவள் எதிரில். மெஷின் வேண்டுமா? அவர் கண் இடது பக்கம் போனது. வேண்டாம். வைஷ்ணவி வந்தாள். "அப்பா, ஆர் யூ ஷ்யூர்?" என்று ஒரு நூறு முறை கேட்டாள். நூறு முறையும் அவர் மேலே பார்த்தார். டாக்டரும் வந்து, தனியாக, இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு தடவை கேட்டுக் குறித்துக்கொண்டார்.

நாளை அவரே சொன்னார், வியாழக்கிழமை. கோமதி பழக்கதோஷத்தில் காலண்டரைப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு அஷ்டமிங்க" என்றாள். சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் பலகையைக் கேட்டார். 'பரவால்ல' என்று வந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் எழுத்து. 'இது படத்துல இல்ல அக்கா.' கோமதி அழுகையோடு சிரித்தாள். நானும் சிரித்தேன், வெட்கமில்லாமல்.

பிரியா, படத்தைப் போடு. நல்ல படம்தான். முடிந்ததும் லைட்டைப் போட்டு, அந்த நாலு பேருக்கும் இந்த வியாழக்கிழமையைச் சொல். நான் வந்தால் என்னால் நின்றுகொண்டு சொல்ல முடியாது. படித்துக் காட்டு.

காலை பத்து மணி. ஜன்னல் திரையை விலக்கச் சொல்லியிருந்தார். நர்ஸ் முதலில் ஊசி மருந்து கொடுத்தாள், மூச்சு முட்டுவது தெரியாமல் இருக்க. முழுக்கத் தூங்கும் முன்னால் நான் ஒரு தடவை கேட்க வேண்டும், அது என் வேலை. இந்த மெஷினைக் கழற்றினால் கூக்குரல் போடும். வீட்டார் காதில் அது விழக்கூடாது என்பதால் முதலில் அணைக்க வேண்டியது அலாரம். பிறகுதான் குழாய். வரிசை இதுதான். வைஷ்ணவி அவர் காலைப் பிடித்திருந்தாள். கோமதி தலைமாட்டில். டீமின் தொப்பியை அவர் தலையில் வைத்திருந்தார்கள்.

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"சங்கரன், நான் ராஜி. முதல்ல அலாரத்தை நிறுத்துவேன். அப்புறம் குழாயைக் கழட்டுவேன். நீங்க இல்லன்னு சொன்னா இப்பவும் எழுந்து போயிடறேன். ஆரம்பிக்கட்டுமா?"

பத்து மூச்சு எண்ணினேன். பத்தும் மெஷின் விட்ட மூச்சு. ஏழாவதில் அவர் கண் என்னிடம் வந்தது, மேலே போனது, திரும்பிக் கோமதியிடம் போய் அங்கேயே நின்றது. மீதி மூன்றையும் எண்ணி முடித்துவிட்டு அலாரத்தை அணைத்தேன்.